கேட்பார் யார்? உளவியக்க ஆற்றுப்படுத்தல் நோக்கில் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'

முன்னுரை

தமிழ் இலக்கியத் திறனாய்வில் உளப்பகுப்பாய்வு அணுகுமுறை நெடுங்காலமாகப் பயின்று வருகின்றது. சிக்மண்ட் பிராய்டின் பெயரும், நனவிலி, அமுக்கம், ஈடிப்பசு சிக்கல் முதலிய கலைச்சொற்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் பயின்றோர்க்கு நன்கு அறிமுகமானவை. ஒரு நாவலை எடுத்துக்கொண்டு, அதன் தலைமை மாந்தரிடம் இன்ன சிக்கல் உள்ளது, இன்ன தற்காப்பு உள்ளது எனச் சுட்டி நிறைவுறும் ஆய்வேடுகளை நாம் மிகுதியும் கண்டிருக்கின்றோம். ஆயினும் இக்கோட்பாடு எவ்விடத்தில், எதன்பொருட்டுத் தோன்றியது என்னும் வினா நம் ஆய்வுகளில் அரிதாகவே எழுகின்றது. துயருற்ற ஒருவர் பேச, மற்றொருவர் பொறுமையுடன் கேட்ட ஓர் அறையிலிருந்தே அது பிறந்தது. கேட்டல் என்னும் அச்செயலை விட்டுவிட்டுக் கலைச்சொற்களை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

இவ்விடுபாட்டின் விளைவு வகுப்பறைக்கு வெளியிலும் காணப்படுகின்றது. ஈடிப்பசு சிக்கலைப் பாடநூல் வழி விளக்கவல்ல ஒருவர், பல மாதங்களாக உறக்கமின்றித் தவிக்கும் தம் உடன்பணியாளருக்கு ஆற்றுப்படுத்துநரின் அறையில் என்ன நிகழும் என்பதைக் கூற இயலாதவராக இருத்தல் கூடும். தமக்கே அத்தகைய தேவை நேரும்போது, 'அங்குச் சென்றால் என்ன சொல்வார்கள்? நமக்குத் தெரியாததையா சொல்லிவிடப் போகிறார்கள்?' என எண்ணி ஒதுங்கிவிடுதலும் கூடும்.

இக்கட்டுரை, முதிர்ந்தோர் நாடும் உளவியக்க ஆற்றுப்படுத்தலின் இயல்பினைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதன் வெளிச்சத்தில் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை மறுவாசிப்புச் செய்ய முயல்கின்றது. மாந்தர்க்கு நோய்ப்பெயர் சூட்டுவது இதன் நோக்கமன்று. இந்நாவலில் கங்கா பேசும்போது கேட்பார் யார் என்னும் ஒரு வினாவே இங்கு ஆராயப்படுகின்றது.

உளவியக்க ஆற்றுப்படுத்தல்: தோற்றமும் இயல்பும்

1895ஆம் ஆண்டில் ஜோசப் பிராயரும் பிராய்டும் இணைந்து ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகளை நூலாக வெளியிட்டனர். அதில் 'அன்னா ஓ.' என்னும் புனைபெயரில் குறிக்கப்பெறும் பெண்ணுக்கு 1880 முதல் 1882 வரை வியன்னாவில் பிராயர் மருத்துவம் பார்த்தார். அப்பெண், தமக்கு அளிக்கப்பெற்ற மருத்துவத்திற்குத் தாமே 'பேச்சு மருத்துவம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. இம்முறைக்கு முதற்பெயர் சூட்டியவர் மருத்துவர் அல்லர்; பேசிய பெண்ணே ஆவார்.

கேட்டல் தவறிய நிகழ்வும் இவ்வரலாற்றில் உண்டு. 1900ஆம் ஆண்டில் 'டோரா' எனப் பிராய்டு பெயரிட்ட பதினெட்டு வயதுப் பெண், தந்தையின் வற்புறுத்தலால் அவரிடம் அழைத்து வரப்பட்டாள். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் முறைகேடாக நடக்க முயன்றதை அவள் கூறியபோது வீட்டார் நம்பவில்லை. பிராய்டு அவள் சொல்லை நம்பினார். ஆயினும் அவளுடைய வெறுப்பினை ஏற்றுக் கேட்பதற்கு மாறாக, அதற்குள் மறைந்த விருப்பம் இருந்தது என விளக்கிக் கூறுவதிலேயே முனைந்தார். பதினொரு வாரங்களில் அவள் விடைபெற்றுச் சென்றுவிட்டாள். 1905இல் இவ்வரலாற்றை வெளியிட்ட பிராய்டு, அவள் தம்மீது ஏற்றிக் கண்ட உணர்வுகளைக் காலத்தில் அறியத் தவறினமையை ஒப்புக்கொண்டார். தோல்வியுற்ற ஒரு மருத்துவத்தை அதனை நடத்தியவரே எழுதிவைத்ததனால் பின்வந்தோர் கற்றது மிகுதி.

இன்றைய உளவியக்க ஆற்றுப்படுத்தல் பிராய்டிடமிருந்து நெடுந்தொலைவு வந்துள்ளது. மெலனி கிளைன், வின்னிகாட், ஜான் பவுல்பி முதலியோர் குழந்தைப்பருவ உறவுகளின் மீது கொண்ட கவனம் அதன் அடித்தளங்களுள் ஒன்றாகியது. அதன் நடைமுறை எளிமையானது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிடங்கள், அதே நாளில், அதே நேரத்தில், அதே அறையில் இருவர் நாற்காலிகளில் எதிரெதிரே அமர்கின்றனர். நாடி வந்தவர் தம் மனத்தில் தோன்றுவதைப் பேசுகின்றார். ஆற்றுப்படுத்துநர் கேட்கின்றார்; சில வேளைகளில் தாம் கேட்டதன் உட்பொருளாகத் தமக்குப் படுவதைக் கூறுகின்றார்; பல வேளைகளில் மௌனமாக இருக்கின்றார். தமக்கோ பிறர்க்கோ உயிர்க்கேடு நேரும் நிலை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அங்குப் பேசப்பட்டது அறையை விட்டு வெளியேறுவதில்லை. இச்சந்திப்புகள் சில மாதங்களும் தொடரலாம். சில ஆண்டுகளும் தொடரலாம்.

இம்முறையின் உள்ளியக்கத்தை மூன்று கருத்துகளால் விளக்கலாம். முதலாவது, இன்றைய துயருக்கு அதனை உடையவரே அறியாத வேர்கள் இருக்கக்கூடும் என்பது. இரண்டாவது, தாங்கவொண்ணாததை மனம் பல வழிகளில் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்கின்றது என்பது. மூன்றாவது, பழைய உறவுகளில் பழகிய அச்சமும் எதிர்பார்ப்பும் சினமும் புதிய உறவுகளின்மீது, குறிப்பாக ஆற்றுப்படுத்துநரின்மீது, பெயர்ந்து ஏறுகின்றன என்பது. இதனை உணர்வுப்பெயர்ச்சி எனலாம். தந்தையிடம் எதிர்த்துப் பேச அஞ்சிய ஒருவர், ஐம்பது வயதிலும் ஆற்றுப்படுத்துநரிடம் 'நீங்கள் சொன்னால் சரிதான்' எனத் தலையசைத்துக்கொண்டே இருப்பார். அத்தலையசைப்பே ஒருநாள் பேச்சுக்குரிய பொருளாகின்றது. முதிர்ந்தோர்க்கு இம்முறை பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நெடுநாள் பழகிய வழக்கம் அறிவுரையால் மாறுவதன்று. அது நிகழும்போதே கண்டுகொள்ளப்படும்போதுதான் மாறத் தொடங்குகின்றது.

சொல்லும் எதிர்பார்ப்பும்

இவ்விடத்தில் நாம் பயன்படுத்தும் சொற்களைச் சற்று ஆராய்தல் வேண்டும். தமிழ்நாட்டிலும் மலேசிய, சிங்கப்பூர் வழக்கிலும் 'ஆலோசனை', 'ஆலோசகர்' என்னும் சொற்களே பெரிதும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் வழக்கில் 'உளவளத்துணை', 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொற்கள் நிலைபெற்றுள்ளன. இவை ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்கள் எனக் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். ஒவ்வொரு சொல்லும் நாடி வருபவரிடம் வேறுவேறான எதிர்பார்ப்பினை விதைக்கின்றது.

ஆலோசனை கேட்கச் செல்பவர் ஆலோசனையை எதிர்பார்ப்பார். வழக்கறிஞரிடம் சட்ட ஆலோசனை பெறுவதுபோல், 'இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்' என்னும் சொல்லை எதிர்நோக்கி அமர்ந்திருப்பார். உளவியக்க ஆற்றுப்படுத்துநரோ அத்தகைய சொல்லைப் பெரும்பாலும் கூறுவதில்லை. முதற்சந்திப்பிலேயே இருவர்க்கும் இடையே பிளவு தோன்றுகின்றது. 'ஒரு மணிநேரம் நான்தான் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை' என்னும் ஏமாற்றத்துடன் வெளியேறுபவர் இரண்டாம்முறை செல்வதில்லை. இவ்வேமாற்றத்தில் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆற்றுப்படுத்தல் என்னும் சொல் நமக்கு ஆற்றுப்படை இலக்கியத்தை நினைவூட்டுகின்றது. பரிசில் பெற்று மீள்பவர், வறுமையுடன் எதிர்வருபவரை வள்ளலிடம் வழிப்படுத்தும் துறையினைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் கூறுகின்றது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் அவ்வகையின. அங்கு வழிகாட்டுபவர் தாமே அவ்வழியில் நடந்து பட்டறிந்தவர். உளவியக்கப் பயிற்சி பெறுவோர் தாமும் பிறரிடம் அமர்ந்து தம் மனத்தைப் பேசித் தீர்த்திருத்தல் வேண்டும் என்பது இத்துறையின் பயிற்சி மரபு. அவ்வகையில் இச்சொல் பொருத்தமுடையதே. ஆனால் ஆற்றுப்படையில் சென்றடையும் ஊர் முன்னரே அறியப்பட்டது. இங்கோ ஊரின் பெயர் இருவர்க்கும் தெரியாது. மேலும் 'ஆற்றுதல்' என்பதற்குத் துயர் தணித்தல் என்னும் பொருளும் உண்டு. இவ்விரு பொருளும் இணைந்து நிற்பதனாலேயே இக்கட்டுரையில் இச்சொல் ஆளப்படுகின்றது.

அகமரபினையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். அகப்பாடல்களில் எவர் பெயரும் சுட்டப்பெறுவதில்லை. உள்ளத்து நிகழ்வு இன்னாருடையது என வெளிப்படாமல் காக்கப்படுகின்றது. தலைவி தோழியிடம் பேசுகின்றாள். தோழியில்லாதபோது நெஞ்சிடம் பேசுகின்றாள். கடலிடமும் கானலிடமும் பறவையிடமும், அவை கேட்பனபோலப் பேசுகின்றாள். இதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் இடம் தருகின்றது. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' தனி அதிகாரமாகவே அமைந்துள்ளது. கேட்பார் இல்லாதபோதும் பேச்சு கேட்பாரை உண்டாக்கிக்கொள்ளும் என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எனினும் தோழியை ஆற்றுப்படுத்துநராகக் கொள்ளுதல் பொருந்தாது. தோழி தலைவிக்காகச் செயற்படுபவள், அறத்தொடு நிற்பவள், செவிலியிடம் உண்மையை உரைப்பவள். ஆற்றுப்படுத்துநர் நாடி வந்தவருக்காக எவரிடமும் தூது செல்வதில்லை. இவ்வேறுபாட்டினை மறந்து, 'எல்லாம் நம்மிடம் முன்னரே உள்ளது' எனக் கூறிவிடுதல் ஆய்வாகாது.

இரு தாயர், இரு மறுமொழிகள்

1966ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. மழை நாளொன்றில் கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் அறியாதவனின் காரில் ஏற நேர்கின்றது. அங்கு அவள் கெடுக்கப்படுகின்றாள். வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவள் எனக் கூறித் தேற்றுகின்றாள். நடந்ததை எவரிடமும் கூறலாகாது எனவும் அறிவுறுத்துகின்றாள். கற்பு பற்றிய கருத்தாக்கத்திற்கு எதிரான கதையாக இது பெரிதும் பேசப்பட்டது. அப்பாராட்டு தகுதியானதே.

கேட்டல் என்னும் நோக்கில் அணுகும்போது மற்றொன்றும் புலனாகின்றது. அத்தாயின் செயல் அன்பு மிக்கது. அக்கணத்தில் மகளின் உயிரைக் காத்தது எனவும் கூறலாம். ஆனால் நீரூற்றலும் 'கழிந்தது' என்னும் அறிவிப்பும் நிகழ்ச்சியை முடித்துவைக்கின்றன. மகள் என்ன உணர்ந்தாள் என்பதற்கு அங்கு இடமில்லை. மன்னிப்பு உண்டு, தூய்மை உண்டு, பேச்சு இல்லை. நம் குடும்பங்களில் இன்றும் துயருற்றோர்க்கு அளிக்கப்படும் மிகச் சிறந்த ஆறுதல் இவ்வகையினதே: 'போனது போகட்டும், மறந்துவிடு.'

இதன் தொடர்ச்சியாக எழுதப்பட்ட 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1970இல் நூலாக வெளிவந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்றது. இந்நாவலில் ஆசிரியர் கதையின் முடிவை மாற்றுகின்றார். நீரூற்றித் தேற்றிய தாய் இங்கில்லை. கங்காவின் தாய் அலறுகின்றாள், செய்தி வெளிப்படுகின்றது, தமையன் அவளை வீட்டை விட்டு வெளியேற்றுகின்றான். முதல் தாய் மறைக்கச் சொன்னாள். இரண்டாம் தாய் ஊரறியச் செய்தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆயினும் ஒரு கூறில் இவை ஒத்துள்ளன. இரண்டிலும் மகள் பேசவில்லை. அவளுக்கு நேர்ந்தது என்ன என்பது பிறரால் முடிவு செய்யப்பட்டு, தூய்மை அல்லது களங்கம் என்னும் தீர்ப்பாக அவளிடமே திருப்பித் தரப்படுகின்றது.

மாமாவின் அறிவுரையும் எழுத்தாளரின் கதையும்

வெளியேற்றப்பட்ட கங்காவைத் தாய்மாமனாகிய வெங்கடராமையர் ஏற்றுப் படிக்கவைக்கின்றார். அவள் உயர்ந்த பணியில் அமர்கின்றாள். சாத்திரம் கற்ற, சட்டம் அறிந்த, ஊர் மதிக்கும் இம்முதியவரே நாவலில் அறிவுரை கூறும் அதிகாரம் பெற்றவர். அவருடைய சொற்களில் அறமும் நூலறிவும் நிறைந்துள்ளன. அவருடைய பார்வையிலோ காமம் மறைந்துள்ளது. அறிவுரை கூறுபவரின் சொந்த விருப்பம் அறிவுரைக்குள் எவ்வாறு புகுந்துவிடும் என்பதற்கு வெங்கடராமையரைவிடத் தெளிவான சான்று தமிழ் நாவல்களில் அரிது. ஆற்றுப்படுத்துநர் தாம் கேட்பவற்றைத் தம்மினும் பட்டறிவு மிக்க ஒருவரின் மேற்பார்வைக்குத் தொடர்ந்து உட்படுத்துதல் வேண்டும் என இத்துறை வலியுறுத்துவதன் காரணம் இங்கு விளங்கும். உதவுபவரின் மனமும் மறைவிடங்கள் உடையதே. அதனைக் கேட்பாரும் ஒருவர் வேண்டும்.

இரண்டாவதாக வருபவர் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர். 'அக்கினிப் பிரவேசம்' நாவலுக்குள் இவர் எழுதிய கதையாக இடம்பெறுகின்றது. கங்கா அதனைப் படிக்கின்றாள். தன் கதை எனக் கண்டுகொள்கின்றாள். முடிவு மட்டும் வேறாக இருப்பதனையும் காண்கின்றாள். தன் வாழ்வின் ஒரு நிகழ்வு பிறர் ஒருவரின் சொற்களில் வடிவம் பெற்று எதிரே நிற்பதைக் காணும் இவ்விடம் நாவலின் திருப்புமுனையாகும்.

உளவியக்க நோக்கில் இதனைப் பொருள்விளக்கம் எனலாம். வாய்மூடியிருந்த அவளுக்கு அக்கதை சொற்களைத் தந்தது. தாய் வேறுவிதமாகவும் நடந்திருக்கக்கூடும் என்னும் எண்ணத்தையும் தந்தது. இலக்கியத்தின் ஆற்றல் இதுவே எனத் தமிழாசிரியராகிய நாம் மகிழலாம். எனினும் ஆர்.கே.வி. கங்காவைக் கேட்டு எழுதியவர் அல்லர்; கண்டும் கற்பனை செய்தும் எழுதியவர். அவருடைய விளக்கம் கூரியது. ஆனால் அதனை ஏற்கவும் மறுக்கவும் அதனோடு வாதிடவும் கங்காவுக்கு உரிய காலமும் உறவும் வாய்க்கவில்லை. கூரிய விளக்கம் தனியே போதாது என்பதனை டோராவின் வரலாறும் காட்டியது. தாங்கிக்கொள்ளும் உறவினுள் வழங்கப்படும்போதே விளக்கம் மருந்தாகின்றது. நூல்கள் துணை செய்யும். நூல்களே போதும் எனல் மிகை.

மீள நிகழ்த்தல்

மாமாவின் ஏளனச் சொல்லால் தூண்டப்பெற்ற கங்கா, பல ஆண்டுகளுக்குப் பின் பிரபுவைத் தேடிக் காண்கின்றாள். அவளைக் கெடுத்தவன் இன்று மனைவியும் மகளும் உடையவன். செல்வத்தில் உழன்று சலித்தவன். இருவரிடையே உடலுறவற்ற ஒரு நட்பு வளர்கின்றது. ஊரார் வேறுவிதமாக எண்ணுவதை அறிந்தும் கங்கா அவனுடன் காரில் செல்கின்றாள்.

இத்தேடலைத் திறனாய்வாளர் பலரும் சமூகத்தின் கற்புக் கோட்பாட்டிற்கு எதிரான அறைகூவலாக விளக்குவர். அவ்விளக்கம் தவறன்று. அதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணலாம். 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் பிராய்டு, நினைவாகப் பேசப்படாதது செயலாக மீள நிகழ்கின்றது எனக் கருத்துரைத்தார். கங்காவின் வாழ்வை முறித்த இடம் ஒரு கார். அவள் திரும்பச் செல்வதும் அதே மனிதனின் காருக்கே. அன்று ஏற்றப்பட்டாள், இன்று தானே ஏறுகின்றாள். அன்று எதிர்க்க வலுவற்றவள், இன்று நெறிப்படுத்துபவள். தனக்கு நேர்ந்த ஒன்றைத் தான் செய்யும் ஒன்றாக மாற்றிக்கொள்ள மனம் செய்யும் கடும் முயற்சி இது. இதனை நோய் என்று சொல்லிவிடுதல் எளிது. பேசுவதற்கு இடமில்லாத ஒருத்தி கண்டெடுத்த ஒரே வழி எனக் கொள்ளுதலே நாவலுக்கு நேர்மை செய்வதாகும்.

இந்நட்பில் பேசுபவர் யார், கேட்பவர் யார் என நோக்கினால் நாவலின் கொடிய முரண் புலப்படும். தன் தோல்விகளையும் வெறுமையையும் சொல்லிச் சொல்லி ஆறுதல் பெறுபவன் பிரபு. கேட்பவள் கங்கா. கேட்பார் தேவைப்பட்டவள், தன்னைச் சிதைத்தவனுக்கே கேட்பாராக அமைந்துவிடுகின்றாள். அவள் பேச்செல்லாம் வாசகராகிய நம்மிடமே நிகழ்கின்றது. நாவலின் பெரும்பகுதி கங்காவின் தன்கூற்றாக, அவளது வீட்டுமொழியிலேயே அமைந்திருப்பது வெறும் உத்தியன்று. கதைக்குள் அவளுக்குக் கேட்பார் இல்லாமையே அவ்வடிவத்தின் தேவையாயிற்று. இறுதியில் பிரபு விலகுகின்றான். கங்கா மதுவிடம் சரணடைகின்றாள். அவளை வீழ்த்தியது பிரிவு மட்டுமன்று. துக்கத்தைச் சொல்லுதற்கு ஒருவரும் எஞ்சாமையும் ஆகும்.

மறுப்புகளும் வரம்புகளும்

இவ்வாசிப்பின்மீது எழக்கூடிய மறுப்புகளை எதிர்கொள்ளுதல் கடமையாகும். முதலாவது, கங்காவின் துயருக்குக் காரணம் ஒருவன் இழைத்த பாலியல் வன்முறையும், குடும்பம், சாதி, கற்பு ஆகியவற்றின் ஒடுக்குமுறையும் ஆகும். அவற்றைத் தனியொருத்தியின் மனச்சிக்கலாகச் சுருக்குவது அநீதி எனலாம். இம்மறுப்பு வலுவுடையது. டோராவின் வரலாற்றைப் பெண்ணியத் திறனாய்வாளர்கள் கடிந்துரைத்ததும் இக்காரணத்தாலேயே. ஆற்றுப்படுத்தல் நீதிக்கு மாற்றாகாது. அநீதியால் உண்டான காயத்திற்கும் கவனிப்பு வேண்டும் என்பதே இங்குக் கூறப்படுவது.

இரண்டாவது, இம்முறை மேலைநாட்டுத் தனிமனித வாழ்வில் தோன்றியது. குடும்பத்தோடு பிணைந்த நம்மவர்க்குப் பொருந்துமா என்பது. இவ்வினா புதியதன்று. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், பிராய்டுடன் மடல்வழி வாதிட்டவர். தம்மிடம் வந்த இந்தியரின் மனவியல்பு ஐரோப்பியர் இயல்பிலிருந்து வேறுபடுவதை எடுத்துக்காட்டியவர். 1973இல் உளமருத்துவர் ஜே. எஸ். நேகி, இந்திய மரபில் குரு–சீடர் உறவு உளமருத்துவ உறவுக்கு ஒரு முன்மாதிரியாகக் கூடும் என்னும் கருத்தினை முன்வைத்தார். சுதிர் கக்கர் தம் நூல்களில் இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தார். நம்மவர் ஆற்றுப்படுத்துநரிடம் குருவையோ மூத்த உறவினரையோ எதிர்பார்ப்பது இயல்பே. அவ்வெதிர்பார்ப்பைக் குறையெனத் தள்ளாமல் அதுபற்றியே பேசுவது தேர்ந்த ஆற்றுப்படுத்துநரின் பணியாகும்.

மூன்றாவது, பயன் பற்றியது. உளவியக்க முறைக்கு ஆய்வுச் சான்று இல்லை என்னும் கருத்து ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. 2010இல் ஜோனதன் ஷெட்லர் வெளியிட்ட மீளாய்வு, இம்முறையின் பயன் பிற முறைகளின் பயனுக்கு ஒப்பாகவே உள்ளது எனவும், சந்திப்புகள் முடிந்த பின்னரும் அது நீடிக்கின்றது எனவும் எடுத்துரைத்தது. எனினும் இது எல்லார்க்கும் ஏற்ற முறை எனல் பொருந்தாது. கடும் உளநோய்க்கு மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதன. குறிப்பிட்ட அச்சங்களுக்குப் பயிற்சி சார்ந்த அறிவாற்றல்–நடத்தை முறை விரைந்து பயன் தரலாம். தவிர, நீண்ட காலமும் பொருட்செலவும் தேவைப்படுவதனால் உளவியக்க முறை பலர்க்கு எட்டாததாகவே உள்ளது. இக்குறையை மறைத்தல் ஆகாது.

தமிழாசிரியர்க்கு உரியன

மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, உரிய வாரியத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரில் பணியாற்றலாம். எனவே நாடிச் செல்வோர் முதலில் அப்பதிவினை உறுதிசெய்து கொள்ளுதல் நலம். எவ்வகைப் பயிற்சி பெற்றவர், சந்திப்பு எத்துணைக் காலம் நீடிக்கும், கட்டணம் யாது, பேசுவது எந்த அளவிற்குக் காக்கப்படும் என முதற்சந்திப்பிலேயே வினவுதல் நாடுபவரின் உரிமை. அது மரியாதைக் குறைவாகாது. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 முதலும் மலேசியாவில் 2023 முதலும் குற்றமாகக் கருதப்படுவதில்லை என்பதனையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அச்சத்தால் வாய்மூடிய ஒருவரிடம் இச்செய்தியைச் சேர்ப்பித்தலே பேருதவியாகும்.

மொழி பற்றிய வினா நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் நாடுகளில் தமிழர் பலர் தம் துயரத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துரைக்க நேர்கின்றது. 'வயிறு எரிகிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'மனசு ஒட்டவில்லை' என்பன உடல்நோயைக் குறிப்பன அல்ல என்பதனைத் தமிழறிந்தவரே உடனே உணர்வர். 'அம்மா' என அழைத்து அழும் குரலும் 'என் தாயார்' என அயன்மொழியில் அறிக்கையிடும் குரலும் ஒன்றல்ல. தமிழில் கேட்கவல்ல ஆற்றுப்படுத்துநர் பெருகுதல் மொழிப்பற்றின் கோரிக்கை மட்டுமன்று. துயர் தீர்தலுக்கான தேவையுமாகும். அத்துறைக்குரிய சொல்லாக்கத்தில் தமிழ்த்துறைகள் பங்கேற்றல் வேண்டும்.

இவற்றால் தமிழாசிரியர் ஆற்றுப்படுத்துநராகிவிடுதல் வேண்டும் என்பது கருத்தன்று. பயிற்சியின்றிப் பிறர் மனத்தைப் பிரித்து ஆராய்தல் தீங்கு விளைவிக்கும். வகுப்பறையில் ஒரு நாவலைக் கற்பிக்கும்போது, 'இம்மாந்தருக்கு என்ன சிக்கல்?' என்பதனோடு 'இவர் பேசும்போது கேட்டவர் யார்? கேட்டவர் என்ன செய்தார்?' என்னும் வினாவையும் எழுப்பலாம். அவ்வினாவைப் பழகிய மாணவர், நாளை தம் நண்பர் பேசும்போது இடைமறித்து அறிவுரை கூறுமுன் ஒரு கணம் தயங்குவர்.

முடிவுரை

உளப்பகுப்பாய்வினை நாம் பெயர்சூட்டும் கருவியாகவே பெரிதும் கையாண்டு வந்துள்ளோம். அதன் அடிப்படையான கேட்டலை மீட்டெடுக்கும்போது நம் இலக்கியங்கள் வேறொரு பொருளைத் தருகின்றன என்பதனைக் கங்காவின் வழி கண்டோம். தேற்றும் தாய், அலறும் தாய், அறிவுரைக்கும் மாமா, விளக்கும் எழுத்தாளர், தன் துயரையே பேசும் பிரபு என ஐவர் அவளைச் சூழ்ந்திருந்தும் கேட்பார் இல்லை. தாய்மை, அறம், கலை, நட்பு ஆகிய மதிப்புமிக்க நான்கும் அங்கு இருந்தன. அவை போதவில்லை.

திருவள்ளுவர் கேள்வி என்பதனைத் தனி அதிகாரமாக வகுத்துச் செவிச்செல்வத்தைப் போற்றினார். அங்குக் கேட்டல் என்பது கற்றோரிடம் அறிவு பெறுதல். நம் காலத்தில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் வேண்டப்படுகின்றது: துயருற்றோர் தம்மைத் தாமே அறியும்வரை செவி கொடுத்து அமர்ந்திருத்தல். அத்தகைய செவியை நாடிச் செல்வது மனவலிமையின்மை அன்று என்பதனைத் தமிழ் கற்பிப்போர் தாமும் உணர்ந்து பிறர்க்கும் உணர்த்துவாராயின், கங்காவின் வரலாற்றை நாம் கற்றதற்குப் பயன் உண்டு.